வெற்றிலை திரும்பாத சவாரி

ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அம்பாசிடர் இப்படிப் பின்பக்கம் அமுங்கக் கூடாது. செல்வநாதனுக்கு அது திண்டிவனம் வருவதற்குள்ளாகவே உடம்பில் தெரிந்துவிட்டது. வெறும் வண்டி என்றால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது துள்ளும், டிக்கி மூடி கடகடவென்று அடித்துக்கொள்ளும், பின் சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி உருண்டு உருண்டு உயிரை வாங்கும். இன்றைக்கு அந்தச் சத்தம் எதுவும் இல்லை. வலது பின்சக்கரத்துப் பக்கம் கனத்து, சாலையில் பதிந்து, நல்ல சவாரி ஏற்றிய வண்டி போல அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் நிறுத்தி டயரை உதைத்துப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. அடியில் ஸ்பிரிங் பட்டையும் முறியவில்லை.

"ராத்தூக்கம் இல்லாத கிறுக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். அதுவும் பொய்யில்லை. திருநள்ளாறு லாட்ஜ்காரர் தெட்சிணாமூர்த்தியை முந்தின நாள் மாலை ஏற்றிக்கொண்டு கிளம்பி, விடிய விடிய ஓட்டி, காலையில் மீனம்பாக்கத்தில் சிங்கப்பூர் விமானத்துக்குக் கொண்டு விட்டிருந்தார். வழக்கமாக ஏர்போர்ட் வாசலில் நின்று பாண்டிச்சேரி, கடலூர் என்று கூவித் திரும்புகால் சவாரி பிடிப்பார். இன்றைக்கு அதற்கும் நிற்கவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் டெய்சி வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, வேண்டாத கோயில் இல்லை என்று வேண்டி, வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், அப்புறம் தரித்த பிள்ளை. ஒன்பது மாதம் முடியப்போகிறது. அவள் அம்மா இருதயமேரி இருந்தால் இவருக்கு இந்தத் தவிப்பு இல்லை. அவள்தான் மண்ணுக்குள் போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டாளே!

பாண்டிச்சேரியைத் தாண்டியபோது வாடை வந்தது. காரைக்காலில் பிறந்தவனுக்குக் கடல் வாடை ஒன்றும் புதுசில்லை. ஆனால் இது கரையோரத்துக் கருவாட்டு வாடை இல்லை. டீசலும் துருவும் உப்பும் கலந்து, கப்பலின் அடித்தட்டில் நெடுநாள் தேங்கிக் கிடந்த தண்ணீர் மாதிரி ஒரு வாடை. பங்குனி வெயில் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருக்க, வண்டிக்குள் மட்டும் ஈரச்சுவர் பக்கத்தில் உட்கார்ந்தாற்போல் பிடரி சில்லிட்டது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். காலி சீட்டு. அதற்குப் பின்னால் ஓடி மறையும் சாலை. வேறொன்றும் இல்லை.

கடலூருக்கு முன்னால் செக்போஸ்டில் கையைக் காட்டினார்கள். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வரும் வண்டியென்றால் பாட்டில் தேடுவது வழக்கம்தான். டிக்கியைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரர், சுற்றி வந்து பின் ஜன்னலில் குனிந்தார். குனிந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி சரி, போங்க. தூங்குறவரை எழுப்ப வேணாம்."

செல்வநாதன் மெதுவாகக் கேட்டார்: "யாருங்க சார்?"

"இவருதான். நல்ல அசதி போல. ஆனா இப்படி நனைஞ்ச துணியோட தூங்கவிட்டா ஜன்னி வந்துடும்ய்யா. எறங்கினதும் தலையைத் துவட்டச் சொல்லு."

அவர் அடுத்த லாரிக்குப் போய்விட்டார். கேலி பேசுகிற முகம் இல்லை அது. செல்வநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கோ கண்ணில் ஒன்றுமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சிதம்பரம் தாண்டும்போது முதுகில் முட்டியது.

சீட்டின் முதுகுத் துணி வழியாக, இடுப்புக்கு மேலே, இரண்டு உருண்டைகள். அழுத்தின. விலகின. மறுபடி அழுத்தின. நெட்டையான ஒரு ஆள் காலை மடக்கிக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், அந்த இடி. அந்த இடியை அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் காரைக்காலிலிருந்து மீனம்பாக்கம் வரைக்கும் அதே இடத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். "மன்னிச்சுக்குங்கண்ணே, காலு கொஞ்சம் நீளம்" என்று சிரித்துக்கொண்டே வந்தான் அந்தப் பையன். விழிதியூர் மருதையன். துபாயில் ஒரு இழுவைக் கப்பலில் வேலை கிடைத்துப் போனவன். போன வருஷம் புயலில் கப்பல் கவிழ்ந்தது, மற்ற உடல்கள் கரை ஒதுங்கின, இவன் மட்டும் ஒதுங்கவே இல்லை.

காரைக்கால் டாக்சிக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. கடல் தாண்டிப் போகிறவனுக்கு வண்டி பேசினால் போகவும் வரவும் சேர்த்தே பேச வேண்டும். கொண்டுபோய் விட்ட வண்டிதான் கூட்டிவரவும் வேண்டும். அதற்கு அடையாளமாக டிரைவர் கையில் இரண்டு தரம் வெற்றிலை பாக்கு வைப்பார்கள், ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு. திரும்பி வந்தவனை வீட்டு வாசலில் இறக்கி, வீட்டுக்காரர்கள் "வாங்க" என்று வாய் திறந்து அழைத்தால்தான் சவாரி முடிந்ததாகக் கணக்கு. போனவன் அங்கேயே செத்துப்போனால், டிரைவர் புது வெற்றிலை வாங்கி அந்த வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்து, இனி வர வேண்டிய சவாரி இல்லை என்று அறுத்துவிட வேண்டும். பங்குச் சாமியார் இதையெல்லாம் அஞ்ஞானம் என்று பிரசங்கத்திலேயே திட்டியிருக்கிறார். ஆனாலும் வேதக்காரர், இந்து, முஸ்லிம் என்று எல்லா டிரைவரும் செய்வார்கள்.

செல்வநாதன் செய்யவில்லை. முப்பதாம் நாள் காரியம் கழித்து மருதையன் பெண்டாட்டி பூவாயி வந்து நின்றாள். கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒன்று. "வெத்திலையைத் திருப்பிக் கொடுத்துடுங்கண்ணே" என்றாள். பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்த்ததும் இவருக்கு மனசு வரவில்லை. தாலி இழந்தவள் கையில் வெற்றிலையை வைப்பதா? அவன் செத்தான் என்று நானே முத்திரை குத்துவதா? "உடம்பே கிடைக்கல, அதுக்குள்ள என்ன தங்கச்சி? எங்கயாவது கரையேறியிருப்பான். எப்ப வந்தாலும் நானே அழைச்சிக்கிட்டு வந்து உன் வாசல்ல விடுறேன், போ" என்று சொல்லி அனுப்பினார். அவள் மறுபடியும் வந்தாள், கெஞ்சினாள். இவரும் அதையே சொன்னார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். பாவம் பார்த்தால் பழி வரும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கொள்ளிடம் பாலத்துக்கு அப்பால் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து போட்டார். வயலில் ஆள் இல்லை. காற்று கூட இல்லை.

"தம்பி, எறங்கிக்கப்பா" என்றார். "நான் ஒனக்கு ஒரு கெடுதலும் செய்யலியே. எறங்கிக்க ராசா."

சீட்டில் கை வைத்துப் பார்த்தார். துணி காய்ந்திருந்தது. ஆனால் பஞ்சு அமுங்கி இருந்தது, கையை எடுத்த பிறகும் எழும்பவில்லை. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வராமல் நின்றார். பிறந்ததிலிருந்து சொன்ன ஜெபம்! பிறகு, இவனை அவன் வாசலிலேயே இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு புத்தி தோன்றியது. டெய்சி இருக்கும் வீட்டுக்கு மட்டும் இதைக் கொண்டு போகக் கூடாது. அதை நினைத்துக்கொண்டுதான் மறுபடி வண்டியில் ஏறினார்.

தரங்கம்பாடி தாண்டி, காரைக்காலில் தன் தெருமுனையைப் பார்க்காமலே கடந்து, அரசலாற்றுப் பாலமேறி விழிதியூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பூவாயி வாசலில் வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் விளையாடின. ஹாரன் அடித்தார். முழங்கால்கள் முதுகில் துடித்தன.

நிமிர்ந்தவள் செல்வநாதனைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வைக்கோல் கையிலிருந்து நழுவியது. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது, அதைச் செல்வநாதனால் சாகும்வரை மறக்க முடியாது. பிறகு அவள் இன்னும் நன்றாகப் பார்த்தாள். பிள்ளைகளை இரண்டு கையாலும் வாரி உள்ளே தள்ளினாள்.

"தங்கச்சி, ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. எறங்கிடுவான்."

"மாட்டேன்."

"ஒன் புருஷன்ம்மா!"

"எம் புருஷன்தாண்ணே." அவள் அழுதாள். "ஆனா இப்ப வந்திருக்கிறது என்னான்னு ஒங்களுக்குத் தெரியல, நீங்க பாக்கல. எம் புள்ளைவ இருக்கு. எத்தனை தடவை ஒங்க கால்ல விழுந்து கேட்டேன், வெத்திலையைக் கொடுத்துடுங்கன்னு? நீங்கதானே அழைச்சிக்கிட்டு வர்றேன்னு சொன்னீங்க? அழைச்சிக்கிட்டு வந்துட்டீங்க. நீங்களே வச்சுக்குங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே அம்மியோ உரலோ எதையோ இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பின் சீட்டில் ஸ்பிரிங் ஒன்று மெதுவாக முனகியது. சாய்ந்து உட்கார்ந்துகொள்கிற சத்தம்.

திரும்பும் வழியில் மாதா கோயில் மணி ஏழுமுறை அடித்தது. மின்சாரம் இல்லை. ஊரே இருட்டத் தொடங்கியிருந்தது. அரசலாற்றுப் பாலத்தடியில் வண்டியை இறக்கினார். இருபது வருஷமாகச் சோறு போட்ட வண்டி. கண்ணாடிகளை ஏற்றினார். நான்கு கதவையும் பூட்டினார். சாவியை ஆற்றில் வீசினார்.

நடந்தார்.

பின்னால் காலடி இல்லை. வாடை இல்லை. முதுகில் ஒன்றும் இல்லை. லேசாக இருந்தது. "மாதாவே, மாதாவே" என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினார்.

தெரு முனை. வேப்பமரம். வீடு.

வாசலில் அரிக்கேன் விளக்கோடு டெய்சி நின்றாள். ஒரு கை இடுப்பில். நீலச் சேலை. அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு விளக்கை உயர்த்தினாள். அவர் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"வேணாம்மா" என்றார். "சொல்லாதே. கதவைச் சாத்து."

"என்னப்பா நீங்க! வீடு தேடி வந்தவரை வாசல்ல நிக்க வச்சுட்டு..." விலகி வழிவிட்டாள். "வாங்க. உள்ள வாங்க."

செல்வநாதனை உரசிக்கொண்டு குளிர் உள்ளே போனது.

அவர் பின்னால் பாயப் பார்த்தார். வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே டெய்சி விளக்கை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். யாரோ ஏதோ கேட்டதற்குத் தலையாட்டினாள். வெட்கப்பட்டாள்.

"ஆமாங்க. இந்த மாசக் கடைசின்னு சொல்லியிருக்காங்க."

மறுபடி கேட்டுக்கொண்டாள். பெரியவர்கள் முன்னால் நிற்பது போல், ஆசீர்வாதத்துக்கு நிற்பது போல், முந்தானையைச் சரிசெய்து நின்றாள்.

நீலச் சேலையில், வயிற்றின் மேல், ஒரு ஈரம் தெரிந்தது. பரந்தது. ஐந்து விரல். ஆண்பிள்ளைக் கை. விரல்கள் விரிந்தன. அழுந்தின.

டெய்சி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, காலையிலேருந்து ஓயாம ஒதைச்சுக்கிட்டே கெடந்திச்சு. இவரு கை வச்சதும் எப்படி அடங்கிடிச்சு பாருங்களேன். அசையவே இல்ல."

கை எடுபடவில்லை. சேலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.