கடைசி ஆளின் குரல்

அண்ணன் வந்தபோது அவள் சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத தங்கை கதவைத் திறந்ததே பெரிது என்பதுபோல அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஈர மேசையிலேயே வரைபடத்தை விரித்தான்.

"ஞாயித்துக்கிழமை போலாம். நீ, நான். வேற யாரும் வேண்டாம்."

"எங்க?"

அவன் விரல் ஏரிக்கரையோரமாகப் போய், காட்டுக்குள் திரும்பி, பெயர்கூடப் போடாத ஒரு சின்ன நீலக்கோட்டில் நின்றது. அருவி. அவள் கணவன் செத்த இடம்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாரம் முழுக்க, "கண்ணாடியப் பாரு, பின்னாடி பாரு" என்று தொண்டை வறளக் கத்துகிறவன், விடுமுறை நாளில் நாலைந்து பேரைக் காட்டுக்குள் கூட்டிப்போகும்போது மட்டும் திரும்பியே பார்க்க மாட்டான். அந்தக் குழுவின் வழக்கம் அது. ஏரியோரப் பாதை ஓராள் அகலம்தான், வேரும் வழுக்குப்பாறையும். முன்னால் போகிறவன் சட்டென்று திரும்பினால் முதுகுப்பை இழுத்து ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடும். அதனால் முன்னால் போகிறவன் திரும்பாமலே "பின்னாடி?" என்று கேட்பான். கடைசியில் வருகிறவன் "இருக்கேன்" என்பான். கடைசி ஆள் இருந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போன வருஷம் மற்றவர்கள் மழைக்குப் பயந்து கழன்றுகொள்ள, அண்ணனும் அவள் கணவனும் மட்டும் போனார்கள். ஒருவன்தான் திரும்பினான். கார் நிறுத்துமிடம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன், கூப்பிட்டபோதெல்லாம் மச்சான் பதில் சொன்னார் என்று அண்ணன் சத்தியம் செய்தான். உடலை அருவிக்கு அடியில் இருந்த குட்டையிலிருந்து எடுத்தார்கள். அண்ணன் அங்கிருந்து புறப்பட்ட நேரத்துக்கே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்போ உனக்குப் பதில் சொன்னது யாரு? யாருக்குக் காது குத்துற?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டாள் அவள். இவன் கூப்பிடவே இல்லை, தன்பாட்டுக்கு விறுவிறுவென்று நடந்துவிட்டு இப்போது கதை அளக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவனைக் கரித்துக் கொட்டினாள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு. வேலை நேரம் முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களின் பல்லைத் தேய்த்துக்கொண்டே தன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடி நட. நான் பின்னாடி வரேன்," என்றான் அண்ணன். "அந்தப் பாதையில என்ன நடக்குதுன்னு உன் காதாலயே கேளு. ஒண்ணும் கேக்கலன்னா, இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அன்னிக்கு மாதிரியேதான் போகணும். நான் திரும்பவே மாட்டேன். திரும்பினா அதையே ஒரு சாக்கா வெச்சுப்ப."

"சரி."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"ஷூ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பொய் சொல்றதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே."

அவன் அதைக் காதில் வாங்காமல் திட்டத்தைச் சொன்னான். காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புவது, மாற்றுத்துணி, தண்ணீர், இருட்டுவதற்கு முன்னால் வெளியே வந்துவிடுவது. அவள் தலையாட்டினாள். அவன் பொய்யன் என்று நிரூபிக்கத்தான் போகிறாள். ஆனால் அவன் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கலாமே. அந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறன்று வானம் மூடியிருந்தது. ஏரி அசையாமல் கிடந்தது. மரங்களுக்கு உள்ளே போனதும் பகலே பாதியாகிவிட்டது. மக்கிய இலை வாடையும் ஈரக்கல் வாடையும் மூக்கில் ஏறின.

"பின்னாடி?"

"இருக்கேன். மூச்சுதான் இல்ல," என்றான் அண்ணன்.

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டாள். "இருக்கேன் தாயே, நட!" ஒவ்வொரு முறையும் அவன் குரலுக்குப் பிறகு இன்னொரு குரல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். தவளைகூடக் கத்தவில்லை.

அருவியைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. இதற்கா ஒரு மனிதன் செத்தான்? கீழே குட்டை மட்டும் கறுப்பாக, ஆழம் தெரியாமல் இருந்தது. அதில் விழுந்த தண்ணீர் சத்தமே எழுப்பவில்லை.

"ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

"திரும்பும்போதுதான்." அவன் முகம் வெளிறியிருந்தது.

"அப்பவும் கேக்காது. போதும் உன் நாடகம்."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"பின்னாடி?"

"இருக்கேன்."

இப்போது பாதை இறக்கம். ஒரு வேரைத் தாண்டும்போது அவள் கால் வழுக்கி, பை ஒரு பக்கம் இழுத்தது. கிளையைப் பிடித்துத் தப்பினாள். கீழே ஏரி. இந்த இடத்தில் யாரால் திரும்பிப் பார்க்க முடியும்? பின்னால் ஒருவன் விழுந்தால் முன்னால் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வருஷமாகக் கட்டி வைத்திருந்த கோபம் அவளை அறியாமலே இளகத் தொடங்கியது.

"பின்னாடி?"

"இருக்கேன்."

"அண்ணா, நான் அவ்வளவு பேசியிருக்கக் கூடாது."

"இருக்கேன்."

"உன் மேல தப்பில்லண்ணா. இங்க வந்து பாத்தப்பதான் புரியுது. என்ன மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு அழுதாள். ஒரு வருஷத்துப் பாரமும் இறங்கியதுபோல் இருந்தது. அவன் ஏதாவது சொல்வான், கேலியாவது செய்வான் என்று காத்திருந்தாள்.

"இருக்கேன்."

அதே குரல், அதே அளவு. மூச்சு வாங்கவில்லை.

அவள் கால்கள் நிற்கவில்லை. காது மட்டும் பின்னால் போயிற்று. இலைச் சருகில் தன் காலடிச் சத்தம் கேட்டது.

தன்னுடையது மட்டும்.

"அண்ணா, அண்ணிகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"இருக்கேன்."

"ஷூ வாங்கப் போறேன்னுதான சொன்ன?"

"இருக்கேன்."

இப்போது கிட்டே. பிடரிக்குப் பக்கத்தில். ஈரக்கல்லின் குளிர் கழுத்தில் பட்டது. அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

அது நிறுத்தவில்லை.

"இருக்கேன்."

திரும்பக் கூடாது என்ற வழக்கத்தை இப்போது பயம்தான் காப்பாற்றியது. விழுந்தும் எழுந்தும் ஓடினாள். மரங்கள் விலகி, கார் நின்ற வெட்டவெளியும் சாயங்கால வெளிச்சமும் தெரிந்த பிறகுதான் திரும்பினாள்.

பாதையில் யாரும் இல்லை.

அண்ணனை மறுநாள் குட்டையிலிருந்து எடுத்தார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்க அவள் நிற்கவில்லை, அவளுக்குத் தெரியும். அவள் அழுது கேட்ட மன்னிப்பு அவன் காதில் விழவே இல்லை. "போதும் உன் நாடகம்" என்பதுதான் விழுந்தது. அதைவிடக் கொடுமை, அந்த மன்னிப்பை வேறெதுவோ கேட்டிருந்தது.

அதே ஆஸ்பத்திரி வராந்தாவில், "கூப்பிட்டேன் அண்ணி, கூப்பிட்டப்பல்லாம் பதில் சொன்னான்," என்று அவள் கதறினாள். அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து போய்விட்டாள்.

சில வாரம் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், அண்ணி அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். மூன்று மாடி ஏறி வந்த களைப்பு முகத்தில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்று வெகுநாளாகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே மெக்கானிக், போன வருஷம் செத்த அவள் கணவன்தான்.

அண்ணி உள்ளே வரவில்லை. காலில் புது ஷூ.

"கிளம்பு. நான் முன்னாடி நடக்கறேன். நீ பின்னாடி வா."

"அண்ணி, வேண்டாம். உங்க கால்ல விழறேன். நான் சொன்னதெல்லாம் நிஜம்."

"அவரும் அதத்தான் சொன்னாரு. ஒரு வருஷம் தூங்காம சொன்னாரு. நீ நம்புனியா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன நான் எதுக்கு நம்பணும்?" அண்ணி திரும்பிப் படியில் இறங்கத் தொடங்கினாள். "வந்து காட்டு."

அவள் வாசலிலேயே நின்றாள். வரமாட்டேன் என்று சொல்லிவிடுவது, கதவைச் சாத்தித் தாழ்போட்டுக்கொள்வது, ஊரே தூற்றினாலும் சரி, அண்ணியையாவது அந்தக் காட்டுக்குப் போகவிடாமல் காப்பாற்றுவது. முடிவு செய்துவிட்டாள்.

ஒரு மாடி கீழேயிருந்து அண்ணியின் குரல் மேலே வந்தது.

"பின்னாடி வரியா, இல்லையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், அவளுக்குப் பின்னால், ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து, அவளுடைய குரலிலேயே பதில் வந்தது.

"இருக்கேன்."

அண்ணி திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தாள்.