ஆள், ஆறு அடி

கழுவிய டம்ளரைக் கவிழ்க்க இடம் தேடி அவள் கைப்பேசியைச் சமையல் மேடைப் பக்கம் திருப்பியபோது, அது வழக்கமான சலிப்புக் குரலில், “ஆள். ஆறு அடி” என்றது.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பார்வை போன பிறகு தம்பி வாங்கிக் கொடுத்த கைப்பேசி அது. முதுகில் இருக்கும் கேமராவும் சென்சாரும் எதிரே உள்ளதை அளந்து, சுவர் எத்தனை அடியில், ஆள் எத்தனை அடியில் என்று சொல்லும். பாசத்தில் வாங்கிக் கொடுத்தான் என்றால் அவனே சிரிப்பான். அவனுக்கு வீட்டை வாடகைக்கு விட வேண்டும், அவளைக் காப்பகத்தில் தள்ள வேண்டும். தனியாகச் சமாளிப்பேன் என்று அவள் அடம்பிடித்ததால் வாய்தா கொடுத்திருந்தான். ஒரு சூடு, ஒரு வழுக்கல், ஒரு புலம்பல், எது நடந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆணியில் தொங்கிய மழைக்கோட்டையும் ஒருமுறை ஆள் என்றுதான் அது சொன்னது. இதுவும் அப்படித்தான் என்று அவள் மேடைப் பக்கம் போய்க் கையை நீட்டித் துழாவினாள். மேடை விளிம்பு, ஈரத்துணி, சுவர். குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது, குழாய் சொட்டியது, இரண்டுக்கும் நடுவே, நெடுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தாற்போல் ஒரு புழுங்கல் நாற்றம் வந்து மூக்கில் நின்றது. திரும்பினாள்.

“ஆள். ஐந்து அடி.”

அவள் இப்போதுதான் நடந்து வந்த பாதை அது.

கதவு தட்டப்பட்டது. தம்பி. இன்று அவன் சோதனைக்கு வரும் நாள். அவசரமாகக் குரலை அணைத்தாள். இனி அது கைக்குள் அதிர மட்டும் செய்யும். ஆள் நெருங்க நெருங்க வேகமாக.

“என்னக்கா, மூஞ்சி பேயடிச்ச மாதிரி இருக்கு?”

“நீ வருவேன்னு நினைச்சேன், அதான்.”

சிரித்தபடி உள்ளே போய் அடுப்பைத் தடவிப் பார்த்தான், குளிர்பெட்டியைத் திறந்து மூடினான். “பரவாயில்லையே, எல்லாம் சுத்தமா இருக்கு” என்றான், குறை கிடைக்காத வருத்தத்தோடு.

அவன் குரல் சமையலறையில் இருந்தது. அவள் கைப்பேசியைப் பிடித்திருந்தது கூடத்தைப் பார்த்து. உள்ளங்கை அதிர்ந்தது. விட்டு விட்டு. பிறகு விடாமல்.

“தனியா இருக்க பயமா இருக்காக்கா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு. வண்டி கீழதான் நிக்குது.”

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வரிசைக் கட்டில்கள். மணி அடித்தால் சாப்பாடு. கழிப்பறைக்குப் போகவும் ஒருத்தியைக் கெஞ்ச வேண்டும்.

“பயமா? எனக்கா? போடா, போய் வேலையைப் பாரு.”

“கொழுப்பு மட்டும் குறையல.”

படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கியது. வண்டி கிளம்பியது. தேய்ந்தது. பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டாள். குரலைத் திறந்தாள்.

“ஆள். மூன்று அடி.”

கையை நீட்டினாள். வெறும் காற்று. நாற்றம் மட்டும் கெட்டியாகியிருந்தது.

“ஆள். இரண்டு அடி.”

பழுது. சனியன் பிடித்த கருவி பழுதாகிவிட்டது. அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. கைப்பேசியின் முதுகைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“ஆள். ஒரு அடி.”

சரியாகச் சொல்லிவிட்டது. அவள் மூச்சு விட்டாள். பிறகுதான் உறைத்தது. கருவி பழுதில்லை.

கையைத் தாழ்த்த முடியவில்லை. குழாய் சொட்டியது.

“ஆட்கள் இரண்டு” என்றது கைப்பேசி. “ஒரு அடி.”

அவள் தோளுக்கு மேலே, கன்னத்தை ஒட்டி, இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ மெதுவாக விட்டார்கள்.