யன்னலடிச் சண்டை

ஞாயிற்றுக்கிழமை காலமை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையின் நடு வீட்டில், நமசிவாயம் தன் அட்லஸைத் தலைகீழாகப் பிடித்து உலுப்பிக்கொண்டு நின்றான். ஆபிரிக்கா ஆடியது, ஆசியா ஆடியது. விழவேண்டியது மட்டும் விழவில்லை.

“அக்கா! சீட்டைக் காணேல்லை!”

குசினியிலிருந்து கௌரி ஓடிவந்தாள். காணாமற்போனது பரீட்சை அனுமதிச் சீட்டு. அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கான 1938ஆம் ஆண்டுக் கிளறிக்கல் பரீட்சை மறுநாட் காலை தொடங்குகிறது. சீட்டில்லாதவனை மண்டபத்து வாசலிலேயே மறித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வேறு சீட்டுக் கேட்டு எந்த அரசாங்கக் கந்தோர்க் கதவைத் தட்டுவது? அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாலும் வழியில்லை. இந்த வருடத்தோடு தம்பிக்கு வயது எல்லை முடிகிறது.

“கடைசியா எப்ப கண்டனீ?”

“நேற்று மத்தியானம். தலைமயிர் வெட்டப் போறதுக்கு முன்னம் ஒருக்காத் தொட்டுப் பாத்திட்டுத்தான் போனனான்.”

“சனிக்கிழமை மயிர் வெட்டாதை எண்டு சொன்னனான். கேட்டால்தானே,” என்றபடி மாடிப் படியால் இறங்கி வந்தார் வரதராசா. இவர்களுடைய தாய்மாமன். காங்கேசன்துறைப் பக்கத்தில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு, சென்ற மாதந்தான் கொழும்புக்கு வந்திருந்தார். ரெயில் வராவிட்டால் யாராவது ஒருவன் மேல் பிழை இருந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

கௌரி முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். யன்னலுக்கு இரும்புக் கம்பி. கதவுப் பூட்டுக்கு ஒரே திறப்பு. நேற்றுச் சந்தையால் வந்ததும் அவளே அறையைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் சொருகியிருந்தாள். காலையில் திறந்ததும் அவளே. ஆகவே சீட்டுப் போனது நேற்று மத்தியானத்துக்கும் அவள் திரும்பி வந்ததற்கும் இடையில். அந்த நேரம் தம்பி இன்னும் திரும்பவில்லை, மாமா மாடியில் குறட்டை. முன்னறையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: மாளிகாவத்தை ஷிப்லி, கொட்டாஞ்சேனை ஹியூபேட்.

நமசிவாயத்தோடு சேர்த்து மூன்று பேரும் ஒன்றாய்ப் பரீட்சைக்குப் படிப்பவர்கள். கௌரி கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பொது அறிவுக் கேள்விகளும் யோசனைக் கேள்விகளும் தயாரித்துக் கேட்பது அவள் பொறுப்பு. தலைநகரம், நதி, நாணயம், யார் பொய்யன் யார் மெய்யன் என்று மாதக்கணக்காய் அந்த அறையில் இதே பாடந்தான். அநேகமாய் நமசிவாயம் முதலாவது, ஷிப்லி இரண்டாவது. ஹியூபேட் மூன்றாவதாக வந்து, மூன்றாவதுக்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பான்.

ஆள் அனுப்பி இருவரையும் கூப்பிட்டார்கள். அவர்கள் வருமுன்பே மாமா வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு றலியாவை விசாரித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

“பிடிச்சிட்டன், பிள்ளை. நேற்று இரண்டு பொடியளும் இந்த யன்னலடியிலை நிண்டு நல்லாப் பேசினவையாம். அந்த மனிசி தன்ரை காதாலை கேட்டிருக்கு. கூட்டாளியள் அப்பிடி என்னத்துக்குச் சண்டை பிடிக்கவேணும்? ஒருத்தன் எடுத்திருக்கிறான், மற்றவன் கண்டிருக்கிறான்.”

பகல் பன்னிரண்டு மணி. முதலில் ஷிப்லி. மாமா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நேற்று நீயும் ஹியூபேட்டும் சண்டையோ?”

“சண்டையா? இல்லையே சேர்.”

“வாய்த்தர்க்கம்?”

“அதும் இல்ல. கேள்வி கேட்டுப் படிச்சோம். பொறகு நான் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிட்டேன்.”

“ஹியூபேட்?”

“அவனும் என்னோடயே எறங்கினான்.”

“சாட்சி இருக்குத் தம்பி. வடிவா யோசிச்சுச் சொல்லு.”

“எத்தினி தரம் யோசிச்சாலும் நடக்காதது நடக்காதது தானே சேர்?”

“வாய்க்குக் குறைச்சலில்லை. பின் விறாந்தையிலை போய் இரு.”

அடுத்து ஹியூபேட் வந்தான். வெயில் கொளுத்தியது. கழுத்துப்பட்டி நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

“கோட்டைக் கழட்டி ஆணியிலை மாட்டுமன், தம்பி,” என்றாள் கௌரி. வாசலைத் தாண்டியதும் அவன் செய்கிற முதல் வேலையே அதுதான்.

“பரவாயில்லை அக்கா. மாதா கோயில்ல பூசை முடிஞ்சு நேரா வாரேன். ஒடனே போகணும்.”

மாமா பீடிகை போடவில்லை. “நேற்று உனக்கும் ஷிப்லிக்கும் இந்த யன்னலடியிலை பெரிய சண்டையாமே? கேட்ட ஆள் இருக்கு. மறைக்காதை.”

ஹியூபேட் மாமாவைப் பார்த்தான். யன்னலைப் பார்த்தான்.

“ஓம் சேர். சண்டை தான்.”

“ஏன்?”

“அவன்... அட்லஸ்ல கை வச்சான். சீட்டு இருக்கு, எடுக்காதேன்னு நான் ஏசினேன். கூட்டாளிய எப்படிக் காட்டிக் குடுக்கிறதுன்னுதான் சொல்லல்ல.”

மாமா மேசையில் ஓங்கி அடித்தார். “பாத்தியா பிள்ளை! றலியா சொல்லுறது ஒண்டு, இவன் சொல்லுறதும் அதே ஒண்டு. ஷிப்லி மட்டும் இல்லையெண்டுறான். பொலிசிலை குடுக்கிறன். பொலிஸ் பதிவிலை ஒருக்காப் பேர் ஏறினால் அவனுக்கு அரசாங்க உத்தியோகம் இந்தச் சென்மத்திலை இல்லை!”

சத்தம் பின் விறாந்தைக்குக் கேட்டிருக்கும். ஷிப்லி எழுந்து வாசற்படியில் வந்து நின்றான். கோபத்தில் அவன் முகம் கறுத்திருந்தது. “நமா, நீயும் நம்புறியா?” என்று மட்டும் கேட்டான். நமசிவாயம் வெறும் அட்லஸைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தான்.

கௌரி யோசித்தாள். மாமாவின் கணக்குப் பிசகில்லாமல் வருகிறது. ஆனால் சாட்சி இருக்கிறதென்று சொன்ன பிறகும் ஒரு கள்ளன் ஏன் சண்டையை மறுக்கவேண்டும்? ‘ஓம், நதியின் பேரில் ஒரு தர்க்கம்’ என்று சொல்லித் தப்பியிருக்கலாமே?

“மாமா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்று அவரை இருத்திவிட்டு, அவள் வேலியடிக்குப் போனாள்.

றலியா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, நேற்று எங்கடை பொடியள் சண்டை பிடிச்சவையோ?”

“சண்டையா? யாரு புள்ள சென்ன?”

“நீங்கள்தானே மாமாவுக்குச் சொன்னனீங்களாம்?”

“அல்லாவே! நான் சென்னது ரெண்டு புள்ளயளும் நல்லாப் பேசினாங்க எண்டுதான். யன்னலுக்குப் பக்கத்தில ஒத்தன் கேக்குறான், மத்தவன் சொல்றான். எங்கயோ ஒரு ஆறாம், எந்தக் கடல்ல போய் விழுதாம். எனக்கு அரிசில கண் போகவே இல்ல. அவ்வளவு நல்லாப் பேசினாங்க.”

“ஏச்சு ஒண்டும் கேக்கேல்லையே?”

“ஏசினா இந்த வேலிக்குத் தெரியாதா? எங்கட ஊட்டுக்காரர் ஏசினா காலி வீதில பஸ் நிண்டு பாத்துட்டுப் போகும்!”

கௌரி சிரித்தாள். சிரிப்போடு, தான் கொட்டாஞ்சேனைக்குப் படிப்பிக்க வந்த புதிதில் நடந்ததொன்று ஞாபகம் வந்தது. ஒரு சிறுமி, “நாளைக்கு வாப்பா டீச்சரோட பேச வாராங்க” என்று சொல்ல, என்ன பிழை செய்தோமோ என்று இவள் பயந்துகொண்டு காத்திருந்தாள். வந்த மனிதர் மகளின் படிப்பைப் பற்றி மரியாதையாய் விசாரித்துவிட்டு, ஒரு பை மங்குஸ்தானும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் உள்ளே வந்தபோது மாமா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இருங்கோ மாமா. யாழ்ப்பாணத்திலை ஒருத்தர் மற்றவரைப் பேசினார் எண்டால் என்ன கருத்து?”

“இதென்ன கேள்வி? ஏசினவர் எண்டு.”

“கதைச்சவர் எண்டதுக்கு?”

“கதைச்சவர் எண்டுதான் சொல்லுவம்.”

“றலியா ராத்தா யாழ்ப்பாணமோ? அவைக்குப் பேசுறது எண்டால் கதைக்கிறது. ஏசுறது எண்டால்தான் ஏசுறது. பொடியள் நல்லாய்க் கதைச்சவை எண்டு அவ உங்களுக்குப் பாராட்டுச் சொன்னவ. நீங்கள் அதைச் சண்டையாக்கிக்கொண்டு வந்து இதிலை இருந்தனீங்கள்.”

மாமாவின் சால்வை நழுவியது.

“நேற்று யன்னலடியிலை சண்டையே நடக்கேல்லை,” கௌரி மேசையோரம் வந்து நின்றாள். “அந்தச் சண்டை பிறந்தது உங்கடை காதுக்குள்ளை. நடக்காத சண்டையை இல்லையெண்டு சொன்ன ஆள் ஷிப்லி. அவன் சொன்னது மெய். ஓம் எண்டு சொன்ன ஆள்...”

எல்லாக் கண்களும் ஹியூபேட் மேல் திரும்பின.

“பயத்துல சொல்லிட்டேன் அக்கா. சேர் அதட்டினதுல...”

“பயத்திலை ‘ஓம்’ எண்டால் விளங்கும். அட்லஸிலை கை வைச்சான், எடுக்காதை எண்டு ஏசினன் எண்டு முழுக்கதையும் கட்டினீரே. கள்ளன் ஒருத்தன் தேவைப்பட்ட ஆள்தான் அப்பிடிக் கட்டுவான். இறங்கிப் போன பிறகு திரும்பி வந்தனீர். அறை திறந்து கிடந்தது, மாமா நித்திரை. சரிதானே? இப்ப அந்தக் கோட்டைக் கழட்டும், தம்பி. இந்த வெயிலுக்குள்ளை அதை ஏன் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறீர்?”

அவன் கழற்றவில்லை. உட்பையில் கையை விட்டு, நாலாய் மடித்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். நமசிவாயம் அதைப் பாய்ந்து எடுத்தான்.

“திருப்பி வைக்கத்தான் கொண்டுவந்தேன்,” என்றான் ஹியூபேட். “நேத்து ராத்திரி தூங்கவே இல்ல. ஆனா நீங்க யாரும் அட்லஸை விட்டு நகரவே இல்லையே. சேர் சண்டைன்னதும் எனக்கு ஒரு கதவு தெறந்த மாதிரி ஆச்சு. ரெண்டு தரம் பெயில் அக்கா. எடுக்கிறது கொஞ்சப் பேரைத்தான். நமா ஒருத்தன் இல்லாட்டி ஒரு எடம் கூடும்னு...”

“இவனைத்தான் பொலிசிலை குடுக்கவேணும்!” மாமா மறுபடி எழுந்தார்.

“அதுக்கு முன்னம் ஷிப்லிக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும், மாமா.”

வரதராசா மீசையைத் தடவினார். அது உதவிக்கு வரவில்லை. “தம்பி, நான் விளங்காமல்... மன்னிச்சுக்கொள்ளும்,” என்றார். தன் வாழ்நாளில் பிந்தி வந்த ரெயிலுக்குக்கூட அவர் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஷிப்லி தலையசைத்தான். பிறகு ஹியூபேட்டின் முன்னால் வந்து நின்றான்.

“நான் உன்னோட கோவம். அது லேசில போகாது. ஆனா பெயில் ஆகிறதெண்டா நீ பரீட்சைத் தாள்ல ஆகு. பொலிஸ்ல வேணாம். சேர், விட்டுடுங்க. நமா, நீ என்ன செல்ற?”

நமசிவாயம் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். “சீட்டு வந்திட்டுது. எனக்கு அது போதும்,” என்றான். பிறகு ஷிப்லியின் தோளில் கையை வைத்தான். “நீ கேட்டபோது நான் வாய் திறக்கேல்லை. அது என்ரை பிழை.”

“அதுக்கும் சேத்துத்தான் கோவம்,” என்றான் ஷிப்லி. ஆனால் கையைத் தட்டிவிடவில்லை.

ஹியூபேட் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“எங்கை போறீர்?” கௌரி கதிரையை இழுத்துப் போட்டாள். “இன்னும் அரை நாள் கிடக்கு. இருங்கோ எல்லாரும். அபிசீனியாவின் தலைநகரம்?”

நமசிவாயம் வாயைத் திறந்தான். ஷிப்லி அவன் காலை மிதித்தான். கடல் பக்கத்து ரெயில் ஒன்று கூவிக்கொண்டு போய் ஓய்ந்தது.

“உனக்குத் தெரியுமே,” என்றான் ஷிப்லி, வாசற்பக்கம் திரும்பாமலே. “பதிலச் செல்லு.”

ஹியூபேட் வாசலிலேயே திரும்பினான்.

“அடிஸ் அபாபா.”

“சரி,” என்றாள் கௌரி. “உள்ளை வந்து இரும். அடுத்தது.”