பின்னோக்கிய சீட்

பின்சீட் சூடாக இருந்தது.

தமீம் அன்சாரி கையை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தான். வெயிலே எட்டாத தகரக் கொட்டகை அது. காய்ந்த காப்பிக்கொட்டை வாசமும், சுவரில் ஊறிய மழை வாசமும், நேற்றுத்தான் ஊற்றிய பெட்ரோலின் நெடியும் கலந்து கிடந்தன. முன்சீட்டின் ரெக்சின் ஈரம் கோத்துச் சில்லென்று இருந்தது. பின்சீட் மட்டும், இத்தனை நேரம் யாரோ உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"மச்சான், அங்க என்னத்தத் தடவிக்கிட்டு இருக்கீங்க? வெரசா வாங்க. மேகம் எறங்கிருச்சுன்னா ரோடு தெரியாது."

அவன் மனைவி ஜஹீரா வாசலில் நின்று பச்சை முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழனி கடைவீதியில் அவர்களுக்கு வண்டி உதிரிபாகக் கடை. வியாபாரத்தைத் தமீம் பார்த்துக்கொள்ள, அவள் யாரும் கேள்விப்படாத வண்டிகளைத் தேடி ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்துப் போடுவாள். மூன்று சக்கரத்துப் பாதல் கார், சிபானி டால்பின் என்று அவள் தேடிப்பிடித்தவற்றைப் பார்க்கவே ஒரு கூட்டம் இருந்தது. ஆனால் பண்ணைக்காட்டு எஸ்டேட்டில் கிடந்த இந்த வண்டி அவளுக்கே புதிது. பார்த்ததுமே விலைபேசி வாங்கிவிட்டாள்.

கோயம்புத்தூரில் எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையில் செய்தது. பேர்ப்பலகைகூடக் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே அச்சு. முன்மூஞ்சி முழுக்க ஒரு கதவு, பின்மூஞ்சி முழுக்க ஒரு கதவு. நடுவில் இன்ஜின். அதற்கு மேல் கூரைவரை தகரத்தடுப்பு. ஓட்டுகிறவர் முன்னால் பார்த்து உட்காருவார். பின்னால் ஏறுகிறவர் அவருக்கு முதுகைக் காட்டி, கடந்துபோன ரோட்டைப் பார்த்தபடி உட்காரவேண்டும்.

"லாரில ஏத்திக் கொண்டு போயிரலாம் புள்ள," என்று தமீம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவள் கேட்கவில்லை. ஓட்டித்தான் கொண்டுபோவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிரேக், பிளக், பேட்டரி எல்லாம் மாற்றி, வண்டியை உருளவைத்திருந்தான்.

பின்சீட்டில் ஒரு மிளகு மூட்டை எப்போதும் இருந்தது. இறக்கத்தில் பிரேக்குக்குப் பாரம் ஆகாது என்று அதைத்தான் இப்போது தூக்கிக் கீழே வைத்திருந்தான். எஸ்டேட்டுக்காரம்மா சண்முகசுந்தரி அதைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரை அப்படியே திண்டில் வைத்தார்.

"மூட்டைய ஏன் எறக்குனீங்க?"

"கனம்மா. வண்டி தாங்காது."

"எங்க வீட்டுக்காரவுக இருந்தவரைக்கும் அது இல்லாம ஒருநாளும் எறங்குனதில்ல. ஏன்னு கேட்டா, சீட்டு சும்மா கெடக்கக் கூடாதும்பாக. வேறொண்ணும் சொல்ல மாட்டாக." அந்தம்மா மூட்டையைப் பார்த்தார். பிறகு ஜஹீராவைப் பார்த்தார். "வாழைத்தாராச்சும் வச்சுக்கிறீங்களா?"

"பரவால்லம்மா," என்று தமீம் சிரித்தான்.

ஜஹீரா பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினாள். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

அவள் முன்னால் போக, அவன் ஜீப்பில் பின்னால் போவதாக ஏற்பாடு. இரண்டு பேரும் இயர்போனைக் காதில் மாட்டி, பேசிக்கொண்டே போனார்கள். ஊத்து கிராமம் தாண்டும்வரை வெயில் இருந்தது. சில்வர் ஓக் மரங்களின் நிழல் கோடுகோடாக அந்தக் குட்டி வண்டியின் மேல் ஏறி இறங்கியது. எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, இது எந்தப் பக்கம்லே போவுது?" என்று கத்த, காதுக்குள் ஜஹீராவின் சிரிப்பு குலுங்கியது. தமீமுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் முன்பக்கம் மாதிரியே இருந்ததால் அந்த வண்டி தன்னை நோக்கி வருகிறதோ என்று காலே தானாகப் பிரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெருமாள்மலையில் திரும்பிப் பழனி ரோட்டில் இறங்கியதும் மேகம் வந்துவிட்டது. பள்ளத்திலிருந்து மெதுவாகப் புகைந்து ஏறி, முதலில் மரங்களின் அடியை அழித்து, பிறகு ரோட்டோரத்து வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் ஜீப்பின் முன்கண்ணாடியில் ஈரமாக அப்பியது. யூகலிப்டஸ் வாசம் மூக்கை அடைத்தது. வைப்பர் கிரீச்சிட்டுக்கொண்டே ஆடியது. எதிரில் இரண்டு சிவப்பு விளக்கும், நடுவில் அந்தப் பின்கண்ணாடியும் மட்டும்தான் தெரிந்தன.

கண்ணாடிக்குள் ஏதோ இருந்தது.

கறுப்பாக, தோள் சரிந்து, மூட்டை மாதிரி. வண்டி குலுங்கியபோது அதுவும் குலுங்கியது. தமீம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அவன் கையால் இறக்கிய மூட்டை. கொட்டகைத் தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினான்.

"ஜஹீரா, அந்தம்மா மூட்டைய மறுபடி ஏத்திட்டாங்களா?"

"இல்லயே மச்சான். ஏன்?"

"பின்னாடி என்னமோ தெரியுது."

"மேகம் மச்சான். ஆனா வண்டி பின்னாடி கொஞ்சம் தாழ்ந்துதான் போவுது. நானும் யோசிச்சுக்கிட்டே வாரேன். சவரிக்காட்டுக்கிட்ட நிப்பாட்டுறேன், பாத்துருவோம்."

அகலமான ஒரு வளைவில் அவள் நிறுத்தினாள். அவனும் நிறுத்தினான். ஜீப்பின் கைப்பிரேக் சரிவில் பிடிக்காது. சக்கரத்துக்குக் கல் கொடுக்க இறங்கி, ஓரத்தில் குனிந்து தடவினான். ஈரமான புல், சகதி. கைக்கு அடக்கமாக ஒன்றும் அகப்படவில்லை. முன்னால் கதவு திறக்கும் சத்தம். ஜஹீராவின் செருப்பு தார் ரோட்டில் தேய்ந்து பின்பக்கம் வருவது கேட்டது.

"ரெக்சின் சுடுது மச்சான்," என்றாள். போனிலும் கேட்டது, காற்றிலும் கேட்டது. "உள்ள ஒண்ணும் இல்ல. இருங்க, ஏறிப் பாக்குறேன்."

"இரு, நா வந்துர்றேன்."

கல் கிடைத்தது. சக்கரத்தடியில் செருகினான். நிமிர்வதற்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு கதவு.

இன்ஜின் கிளம்பியது.

"ஒண்ணுமில்லைங்க," என்றது காதுக்குள் ஜஹீராவின் குரல். "போகலாங்க."

அவன் பதில் சொல்வதற்குள் சிவப்பு விளக்குகள் நகர்ந்துவிட்டன. கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் ஏறி, ஜீப்பைக் கிளப்பினான். நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை. இறக்கத்தில் வேகமாக விட்டு நெருங்கினான். ஹெட்லைட் வெளிச்சம் மேகத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பின்கண்ணாடியில் போய் விழுந்தது.

பச்சை முக்காடு.

ஜஹீரா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து.

ஜீப்பின் முன்கண்ணாடியில் விழுந்த ஏதோ நிழல் என்று நினைத்தான். தகரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டுகிறவள் இப்படித் தெரியமாட்டாளே என்றும் நினைத்தான்.

"ஜஹீரா… எங்க இருக்க நீ?"

"ஓட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன். ரோடு நல்லாருக்கு."

ரோடு நல்லாருக்கு என்று காதில் கேட்ட நேரத்தில், கண்ணாடிக்குள் இருந்த வாய் அகலத் திறந்திருந்தது. பேசுகிற வாய் அல்ல. அலறுகிற வாய். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தன. சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்கள் மட்டும் அவனிடம் வந்து முட்டின.

உறுத்தியது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். கோபத்திலும் அதுதான். ங்க போட்டுத்தான் பேசுவாள். ஆனால் மச்சான் இல்லாமல் ஒரு பேச்சும் முடிந்ததில்லை.

போனைப் பார்த்தான். டவர் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. ஆனால் காதுக்குள் அவள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக. நிம்மதியாக.

"ஜஹீரா," என்றான். "நீ என்னைய எப்படிக் கூப்பிடுவ?"

மூச்சு நின்றது. இன்ஜின் சத்தம் மட்டும்.

"எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்?"

யா அல்லாஹ்.

ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். வலப்பக்கம் ஏறி முந்தப் பார்த்தான். குட்டி வண்டி அவனுக்கு முன்பே வலப்பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கம் போனான். அதுவும் போனது. டயருக்கடியில் சரளை நழுவியது. அந்தப் பக்கம் பள்ளம். ஒரு கல் உருண்டு விழுந்தது, விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

பிரேக் போட்டான். ஜீப் வழுக்கிக்கொண்டு போய் வளைவின் தடுப்புச்சுவரில் இடித்து நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது.

அமைதி. சுவருக்குக் கீழே ரோடு மடங்கித் திரும்பி வரும் இடம். குட்டி வண்டியின் இரைச்சல் கீழே நெருங்கியது. மேகம் ஒரு இழுப்பு விலகியது. பக்கவாட்டில் முழு வண்டியும் தெரிந்தது.

பின்னால் ஜஹீரா கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

முன்னால் ஜஹீரா ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதே பச்சை முக்காடு. அதே முகம். ரோட்டைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து, சுவருக்கு மேலிருந்த அவனையே பார்த்தபடி கடந்துபோனாள். ஸ்டீயரிங்கில் கைகள் சரியாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

தமீம் இறங்கி ஓடினான். சுவரைத் தாண்டி, புதருக்குள் சறுக்கி, லேண்டனா முள் கையைக் கிழிக்க, கீழ் ரோட்டில் போய் விழுந்தான். எழுந்தான். ஒரு செருப்பு இல்லை. "ஜஹீரா!" என்று கத்தினான். மலை திருப்பிக் கத்தவில்லை. மேகம் குரலைத் தின்றுவிட்டது.

"மெதுவா வாங்க," என்றது காது. "நிப்பாட்டியிருக்கோம்."

இருக்கோம்.

சிவப்பு விளக்குகள் தூரத்தில் அசையாமல் நின்றன. ஓடினான். மூச்சு முட்டியது. நடந்தான். பத்தடிக்குள் வந்ததும் கால் நின்றுவிட்டது.

கண்ணாடியை யாரும் அறையவில்லை.

ஜஹீரா பின்சீட்டில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். முகத்தில் பயம் இல்லை. அழுகை இல்லை. அவன் யாரென்ற ஞாபகமும் இல்லை. பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஏதோ ஒரு ஊரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் ஒரே சீராக உறுமியது.

பின்கதவு மெல்லத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு வெதுவெதுப்பு அவன் முகத்தில் வந்து பட்டது. ஜஹீரா முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சீட்டில் ஒருபக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு.