நாலாவது தோள்

எங்கள் படை ஆற்றங்கரை ஊர் ஒன்றைப் பிடித்த அன்று கொள்ளை லாரியை ஓட்டியவன் நான். படை முன்னால் போனது. நானும் என் மச்சான் பிஷாராவும் பின்னால் போய் நீல நைல் கரைக் கிராமங்களை வழித்துத் துடைத்தோம். சோள மூட்டை, தண்ணீர் மோட்டார், கதவு, சன்னல் எதையும் விடவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்றிருந்தோம்.

ஒரு மண்வீட்டு முற்றத்தில், நல்ல வெயிலில், கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதன்மேல் கற்பூரம் தடவிக் கபன் துணி சுற்றிய கிழவரின் உடல். தூக்க வந்த மூன்று ஆண்கள் எங்களைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். மகள் மட்டும் நின்றாள்.

"அண்ணே, இருக்கறது இந்த ஒரு கட்டில்தான். இதுல கபர்ஸ்தானுக்குத் தூக்கிட்டுப்போய் அடக்கம் பண்ணிடறோம். அப்புறம் எடுத்துக்கோங்க."

பிஷாரா சிரித்தான். "மண்ணுல படுக்கப் போற மனுசனுக்குக் கட்டில் எதுக்கும்மா?"

அவன் கட்டிலைச் சாய்த்தான். உடல் புழுதியில் உருண்டது.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "மூணு பேரு இருந்தாங்க. நாலாவது தோள் நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

எங்கள் நாட்டில் ஜனாஸா ஊர்வலம் போனால் பகையாளிகூட வண்டியை நிறுத்தி இறங்கி, பத்தடி தோள் கொடுப்பான். நான் லாரியைக் கிளப்பினேன்.

வீட்டில் என் ஆறு வயது மகள் ஸமஹாவுக்குக் காய்ச்சல். அந்தக் கட்டிலில் படுக்க வைத்தேன். மறுநாள் காலையில் அறையெல்லாம் கற்பூர வாசனை.

"அப்பா, தாத்தாவ தள்ளிப் படுக்கச் சொல்லு."

அவளுக்குப் பக்கத்தில் கயிறு தொய்ந்திருந்தது.

ஆள் நீளத்துக்கு.

குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. நடந்ததைச் சொன்னதும் என் மனைவி கல்தூமா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. எனக்கு எம்புள்ள வேணும்!"

நானும் பிஷாராவும் தூக்கினோம். வெறும் கட்டில், அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மூன்று பேராகியும் அசையவில்லை.

நாலாவது ஆள் கைவைத்ததும் எழும்பியது.

கிராமத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. முற்றத்தில் கபன் துணி மட்டும் காற்றில் புரண்டது. அவர் உடலும் இல்லை, அந்த மகளும் இல்லை. கட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு அழுதேன். வீடு திரும்பியபோது ஸமஹாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. என் வலது தோள் இறங்கிவிட்டது. வைத்தியர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். நேற்று பட்டப்பகலில் கடைத்தெருவில் கூட நடந்து வந்தவள், என் தோளுக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, கபர்ஸ்தான் இன்னும் எவ்வளவு தூரம்னு தாத்தா கேக்குறாரு."