கேபிள் இல்லாமல் பதில் சொன்ன சர்வர்

இருபத்தாறு மணி நேரமாக அந்த டேட்டாபேஸ் இன்ஸ்டால் ஒரே இடத்தில் நின்றிருந்தது. அதற்குப் பொறுப்பான சல்மா, பினாங்கு டத்தோ கிராமாட்டில் துப்பறியும் ரமணியின் வீட்டு வாசலில் நின்றாள்.

“சர்வர் பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான்கா இருக்கு. அதனால நான்தான் அத மாத்திட்டேன்றாங்க. மூணு மணிக்குள்ள சரியாகலன்னா வேலை போயிரும்.”

“மாத்தினீங்களா?” என்றான் ரமணியின் உதவியாளன் அஸ்லான்.

“இல்ல லா.”

ரமணி கார் சாவியை அவனிடம் நீட்டினாள். வழியில் ஒரு கேள்விதான் கேட்டாள். “எந்தப் பேர் எந்த மெஷினுன்னு ஹோஸ்ட்ஸ் கோப்புல இருக்குமே, அத எழுதினது யாரு?”

சல்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “எழுதி இருந்துச்சுக்கா.”

அலுவலக லிஃப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்து.

“சீனர்களுக்கு நாலு ராசியில்லன்னு விட்டுடுவாங்க,” என்று விளக்கினான் அஸ்லான்.

“நானும் பினாங்குதான் தம்பி,” என்றாள் ரமணி.

சர்வர் அறையில் ஐந்து இயந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. உச்சியில் இருந்ததில் ‘6’ என்று ஒட்டியிருந்தது. மேனேஜர் மோகனராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மூணாம் சர்வர்லருந்து டிபி-5னு அஞ்சாம் சர்வரக் கூப்பிட்டா பதில் வருது. பாஸ்வேர்டு போட்டா தப்புங்குது, இன்ஸ்டால் அங்கயே நிக்குது. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

ரமணி ‘5’ என்று ஒட்டிய இயந்திரத்தில் கீபோர்டைச் செருகச் சொன்னாள். சல்மா பாஸ்வேர்டைத் தட்டினாள். உடனே திறந்தது.

“பாஸ்வேர்டு சரிதான்,” என்ற ரமணி, அதே இயந்திரத்தின் நெட்வொர்க் கேபிளை உருவினாள். “இப்பக் கூப்பிடு, அஸ்லான்.”

அவன் மூன்றாம் சர்வரில் தட்டினான். டிபி-5 பதில் சொன்னது; திரையில் அதன் முகவரி 15 என்று முடிந்தது.

அஸ்லான் திரையையும் அவள் கையிலிருந்த கேபிளையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப பேசுறது யாருக்கா?”

அவள் ‘6’இன் கேபிளை உருவினாள். பதில் நின்றது.

“கட்டடத்துல நாலு இல்ல. ஒட்டியிருக்கிற நம்பர்லயும் நாலு இல்ல. ஆனா முகவரியோட கடைசி எண்ண வரிசையா கொடுத்திருக்காங்க. பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. அஞ்சுன்னு ஒட்டினது நாலாவது மெஷின். அதோட முகவரி பதினாலு. கோப்புல பதினஞ்சுன்னு இருக்கு. அது ஆறாம் நம்பர் மெஷின், அதோட பாஸ்வேர்டு வேற. சல்மா போட்ட பாஸ்வேர்டு சரி, தட்டின கதவுதான் தப்பு.”

இரண்டு கேபிள்களும் இடத்துக்குப் போயின. சல்மா அந்த ஒரு வரியைத் திருத்தி இன்ஸ்டாலை மீண்டும் தொடங்கினாள். நேற்றிலிருந்து அசையாத பச்சைக் கோடு நகர்ந்தது, பாதியைத் தாண்டியது, முடிவைத் தொட்டது. மணி இரண்டே முக்கால்.

“முடிஞ்சிருச்சு லா,” என்று அஸ்லான் மேசையைத் தட்டினான்.

மோகனராஜ் தொண்டையைச் செருமினார். “நல்லது. ஆனா கோப்பத் தப்பா எழுதினதுக்கு சல்மா ரிப்போர்ட் கொடுக்கணும்.”

ரமணி சல்மாவைப் பார்த்தாள்.

சல்மா நாற்காலியைத் திருப்பி எழுந்து நின்றாள்.

“அந்தக் கோப்ப எழுதினது நீங்க, சார்.”