ஐஸ் ரூமின் சின்னப் படம்

காலை 7:10. சித்தூருக்கு வெளியே, காட்பாடி ரோட்டில் உள்ள மாம்பழக் கூழ் தொழிற்சாலை. ஐஸ் ரூம் கதவைத் திறந்த பொன்னியம்மா முதலில் ஒரு காலைத்தான் பார்த்தாள். பிறகுதான் ஆளைப் பார்த்தாள்.

வெங்கடலட்சுமி கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, அதற்கு மேல் கோணி. ஐஸ் ரூம் வேலைக்குக் கம்பெனி கொடுத்தது அந்தக் கோணி மட்டும்தான். காலில் நீல ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. இரண்டு கைகளின் முட்டிகளும் கன்றிக் கறுத்திருந்தன.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் தேன்மொழி வந்தார். நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர். கூலிக்காரர் சாகும் இடத்தில் முதலாளி பக்கத்து ஆட்கள் எவ்வளவு வேகமாகப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மேனேஜர் சுரேஷ்பாபு வேகமாகத்தான் பேசினார்.

"சூடண்டி மேடம், பாருங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் லோடிங் ஆளு கதவைச் சாத்திட்டுப் போயிருக்கான். இந்தம்மா உள்ள இருந்தது அவனுக்குத் தெரியாது. ஆனா உள்ளேர்ந்தே தொறக்கலாம். இதோ."

கதவின் உட்புறத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு பச்சைக் குமிழ் இருந்தது. தேன்மொழி விளக்கை அணைக்கச் சொன்னார். குமிழ் இருட்டில் ஒளிர்ந்தது. தள்ளினார். கதவு திறந்துகொண்டது.

"அப்புறம் ஏன் அந்தம்மா வெளிய வரல?"

"ஹார்ட் ப்ராப்ளம் மேடம். மயக்கம் வந்திருக்கும்."

"மயங்கினவங்க கை முட்டி கன்றிப்போற அளவுக்குக் கதவை இடிப்பாங்களா?"

"பயத்துல குமிழைப் பார்த்திருக்க மாட்டாங்க. படிக்காத ஜனம்."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"எனக்கு வீடு திருப்பதி மேடம். காருல வந்து சேர்றப்ப ஏழேகால். வந்தா இந்தக் கூத்து."

பொன்னியம்மா சுவரோரம் நின்றிருந்தாள். "மேடம்மா, நான் நாலு சீசனா இதுக்குள்ள பழக் கிரேட் அடுக்கிக்கினு இருக்கேன். அந்தப் பச்சை உருண்டைய இன்னிக்குத்தான் பாக்கறேன். உள்ளேர்ந்து தொறக்க ஒரு ஆணி கூட கெடியாது. இவருகிட்ட எத்தினி வாட்டி சொல்லிக்கிறோம். வாங்கி ஸ்டோர்ல வெச்சுக்கிறேன், மாட்டறேன்னுவாரு."

சுரேஷ்பாபு சிரித்தார். "ஏம்மா, உலகமே பாக்குற வெப்சைட்ல போட்டோ இருக்கு. அது பொய்யா, நீ நிஜமா?"

கம்பெனியின் முதல் வெப்சைட் அது. வெளிநாட்டுக்காரர்கள் சரக்கு வாங்குமுன் பார்க்க வேண்டும் என்று போன மாதம் தொடங்கியது. தேன்மொழி தன் செல்போனிலேயே திறந்தார். மேலே மாம்பழக் குவியல். அதன்கீழ், 'எங்கள் தொழிலாளர்களே எங்கள் குடும்பம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்து, தீப்பெட்டி அளவில் ஆறு படங்கள்: லாரி, வெட்டும் மேஜை, சுவர் மாதிரி வெறும் வெள்ளையாக ஒரு கதவு, கொதிகலன், டின்கள், முதலாளி. கதவைத் தொட்டார். சிக்னல் மெதுவாக இழுத்து, பெரிய படம் விரிந்தது. ஐஸ் ரூம் கதவின் உட்புறம். நடுவில் பச்சைக் குமிழ். அந்தப் பக்கம் வெளியான தேதி ஜூன் மூன்று. இப்போது ஜூலை.

"இன்னா இருக்குது மேடம்மா அதுல?" என்றாள் பொன்னியம்மா.

"குமிழ் இருக்கு."

அவள் முகம் விழுந்தது. "அப்ப, அவ புத்தி இல்லாம செத்தான்னு எழுதிடுவீங்க."

தேன்மொழி மறுபடி அந்த ஆறு சின்னப் படங்களுக்குத் திரும்பினார். குமிழ் போன மாதமே இருந்திருந்தால் எழுதவேண்டியது அதுதான். சுரேஷ்பாபு வீட்டுக்குப் போவார். வெங்கடலட்சுமி, தள்ளத் தெரியாமல் செத்தவளாகக் காகிதத்தில் நிற்பாள்.

"இந்த சைட்டை யார் பண்ணது?"

"நம்ம பையன்தான் மேடம், சிரஞ்சீவி. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டர்." சுரேஷ்பாபு குரலைத் தாழ்த்தினார். "இந்தம்மா மகன். பாவம். கம்பெனி அவனைக் கைவிடாது."

காலை 9:30. ஆபீஸ் அறை. சிரஞ்சீவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அழுது முடித்த முகம் இல்லை. அழவே தொடங்காத முகம். தேன்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுரேஷ்பாபு வாசலில் நின்றார்.

"நீயாவே கத்துக்கினியாப்பா?"

"திருப்பதியில ஒரு கோர்ஸ் போனேன் மேடம். வேர்ட்பிரஸ்ல சைட்டு பண்றது. இதான் நான் பண்ண முதல் சைட்டு. அம்மாதான் பீஸ் கட்டுச்சு."

"பாஸ்வேர்டு யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்."

"ஒரு படம் எப்படி ஏத்தறதுன்னு காட்டு."

அவன் விழித்தான். தேன்மொழி தன் தொப்பியை மேஜைமேல் வைத்துப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினார். பழகிய கை, தானாக வேலை செய்தது. தொப்பி ஏறியது. முகப்பில் ஏழாவதாக ஒரு குட்டித் தொப்பி வந்து உட்கார்ந்தது.

"பெரிய படம் நீ ஏத்தின. இந்தச் சின்னது யாரு பண்ணது?"

"அதுவே பண்ணிக்கும் மேடம். ஏத்தற நேரத்துல பெரிசுலேர்ந்து சின்னதா ஒரு காப்பி வெட்டி, தனியா வெச்சிக்..."

நிறுத்திவிட்டான். அவன் கண், மூன்றாவது கட்டத்துக்குப் போய் நின்றது.

"தொப்பி பெரிசுலயும் தொப்பி, சின்னதுலயும் தொப்பி," என்றார் தேன்மொழி. "கதவு மட்டும் ஏன் அப்படி இல்ல? சின்னதுல வெறுங்கதவு. தொட்டா, குமிழ் வெச்ச கதவு."

வாசலில் சுரேஷ்பாபுவின் செருப்பு தரையில் உரசியது. "மேடம், இதெல்லாம் டெக்னிகல்..."

"நீங்க நில்லுங்க. சிரஞ்சீவி, நீ சொல்லு."

அவன் வாசல் பக்கம் திரும்பாமல் பேசினான். "பெரிசை மட்டும் மாத்தினேன் மேடம். சைட்டோட பைல்கள் இருக்கற எடத்துக்குப் போயி, பழைய படத்து மேலயே அதே பேர்ல புதுசை வெச்சேன். அப்படி வெச்சா பக்கத்தோட தேதி மாறாது. மேனேஜர் சாருதான் தேதி மாறக்கூடாதுன்னாரு. சின்னது தனியா நிக்கும்னு தோணல."

"எப்ப?"

"இன்னிக்கு விடியக்காலை. அஞ்சரைக்கு போன் வந்துச்சு. பழைய போட்டோ நல்லால்ல, சரக்கு வாங்கற பையருங்க பாக்கறாங்க, உடனே மாத்துன்னாரு. வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. வீட்டுலேர்ந்தே பண்ணேன்."

"அம்மா வீட்டுல இல்லையேன்னு தேடலியா?"

"டபுள் டியூட்டின்னு நெனைச்சேன். சீசன்ல அது துன்னக்கூட வராது மேடம்."

தேன்மொழி எழுந்து சுரேஷ்பாபுவின் எதிரில் நின்றார்.

"ஏழேகாலுக்குத்தான் திருப்பதியிலேர்ந்து வந்தேன்னீங்க. ஐஸ் ரூமுக்குள்ள நின்னு எடுத்த போட்டோ அஞ்சரைக்கு உங்க போன்ல இருக்கு. ராத்திரி நீங்க ஊருக்கே போகல. விடியறதுக்கு முன்னாடி கதவைத் தொறந்தீங்க, அந்தம்மா கிடந்தாங்க. வாங்கி வெச்சும் மாட்டாம ஸ்டோர்ல கிடந்த குமிழ் ஞாபகம் வந்துச்சு. டிரில் எடுத்துட்டு வந்து மாட்டினீங்க. போட்டோ எடுத்தீங்க. கதவைச் சாத்திட்டு, பொன்னியம்மா வந்து கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டீங்க."

"மேடம், அப்பவே ஆள் போயிடுச்சு..."

"நாடி பிடிச்சுப் பார்த்தீங்களா?"

சுரேஷ்பாபு வாசலுக்கு வெளியே ஒரு அடி வைத்தார்.

"நூத்தியெட்டுக்கு போன் பண்ணல. டிரில்லைத் தேடிப் போனீங்க. உயிர் இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. இனிமே டாக்டர்தான் சொல்லணும்."

கான்ஸ்டபிள் அவரை ஜீப்புக்குக் கூட்டிப்போனார். கடந்து போகையில் பொன்னியம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள்: "உருண்டைய மாட்டத் தெரிஞ்சுக்கினுதான் இருந்திருக்கிற நைனா. ஒருநாள் முன்னாடி மாட்டியிருந்தா இன்னா?"

சிரஞ்சீவி மவுஸில் கை வைத்தான். சைட்டை மொத்தமாக அழிக்கும் இடத்துக்கு அம்புக்குறி நகர்ந்தது. தேன்மொழி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழிக்காதே. அந்தச் சின்னப் படம்தான் உங்கம்மாவுக்குச் சாட்சி. அவர் அனுப்பின ஒரிஜினலும் வேணும். போன்ல இருக்கா?"

அவன் வாட்ஸ்அப்பைத் திறந்து நீட்டினான். அதே கதவு, அதே குமிழ். ஆனால் சைட்டில் இருந்ததைவிட இந்தப் படம் அகலம். இடது கீழ் ஓரத்தில் ஒரு நீலச் செருப்பின் பாதி. வாரில் ஊக்கு.

தேன்மொழி அதைப் பெரிதாக்கினார். அவன் பார்த்தான்.

"இந்த ஓரத்தை வெட்டச் சொன்னதும் அவரா?"

"இல்ல மேடம். அவரு கவனிக்கவே இல்ல." குரல் எங்கிருந்தோ வந்தது. "செருப்பு தெரிஞ்சா சைட்டுக்கு அசிங்கமா இருக்கும்னு, நான்தான் வெட்டினேன்."